ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா

மார்ச் 4, செவ்வாய்

இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் எடுத்தார்கள். அதில் மூன்று பேர் என்னை இன்சூரன்ஸ் விற்கிறவள் என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார்கள். ஒருவர் திட்டாமலேயே வைத்தார், புண்ணியவான். மீதி ஐந்து பேரில் ஒரு அம்மா நாற்பது நிமிஷம் பேசினார். கண்ணைப் பற்றி நாலு நிமிஷம், மருமகளைப் பற்றி முப்பத்தாறு. நான் இடையில் வெட்டவில்லை. எனக்கு மட்டும் பேச ஆள் எங்கே இருக்கிறது?

புது நோட்டு என்பதால் ஒரு தடவை எழுதி வைக்கிறேன். தடுப்பூசி போட்ட ஆறு வாரத்துக்குள் கண்ணில் ஏதோ கோளாறு என்று புகார் கொடுத்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஊசிதான் காரணமா, இல்லை எப்படியும் வரவிருந்ததா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. அவர்களைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதி, பக்கத்தில் ஒரு எண் போடுவது என் வேலை. சிவப்பு என்றால் 1. அரிப்பு 2. தற்காலிகப் பார்வை இழப்பு 7. நிரந்தரம் என்றால் 8. ஐம்பது வருஷம் பார்த்த கண் ஒரே ஒரு எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அறை மூன்றாம் மாடியில், ஆஸ்பத்திரியின் பின்கட்டடம். முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்த இடமாம். இப்போது நாங்கள் இருக்கிறோம். என் நாற்காலிக்கும் ஒரு கை இல்லை.

மார்ச் 5, புதன்

மாலை ஆறு பத்து. போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் ஃபிரிஜ் மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் புத்தி வரல.

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ஒரு ஆளுக்கு எத்தனை துணி? பக்கெட் பாதிகூட நிறையவில்லை.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். 'கொடுத்தவன்' என்று எழுத வேண்டும். கடைசி வகுப்பு ஆறு மணிக்கு முடியும். காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆறு பத்துக்கு என்னைக் கூப்பிடுவான். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். "இன்னிக்கு ஒருத்தன் பிரேக்குன்னு நினைச்சு என் காலை மிதிச்சுட்டான்," என்பான். "சாப்பிட்டியா?" என்பான். "ஆறு மணிக்கு யாருண்ணா சாப்பிடுவாங்க?" என்பேன். கல்யாணம் செய்து, அது முறிந்து, நான் தனியாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பதினேழு வருஷம் இதே கேள்வி, இதே பதில். என்னை அவன் 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவான். நான் டாக்டர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதித்தவள். எழுத்து அட்டை, கண்ணாடி நம்பர், அவ்வளவுதான். "எங்க குடும்பத்துக்கு நீதான்டி டாக்டர்," என்பான்.

ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னதும் நான்தான். பயந்தான். "ஊசின்னா பயப்படறவன் ரோட்டுல எப்படிண்ணா போறே?" என்று கிண்டல் பண்ணிக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டாம் நாள் காலையில் இடது கண் போய்விட்டது. விழித்திரைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் "ஊசியாலதான்" என்றான். "இல்லண்ணா, அதனால இல்ல" என்றேன் நான். அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு, லட்சத்தில் எத்தனை பேருக்கு எப்படியும் வருகிற நோய் இது என்று கணக்குச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதோடு சரி.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் வந்து சேர்ந்தேன். உண்மை தெரிந்துவிடும் என்றுதான். எந்த உண்மை என்பது வேறு கதை.

மார்ச் 12, புதன்

நம் பாஷையில் பாதி கண்தான் போலிருக்கிறது. இன்று கேட்டவை:

"ஊசி போட்டு வந்ததுலேருந்து கண்ணு சொருகுதும்மா." தூக்கம்.

"பையன் வருவான் வருவான்னு பார்த்து கண்ணு பூத்துப்போச்சு." இதை ஊசிக் கணக்கில் எழுதச் சொல்கிறார்!

"எல்லாம் பக்கத்து வீட்டுக்காரி கண்ணு." இதற்கு எண் கிடையாது.

சராசரியிடம் சொன்னேன். சராசரி எங்கள் புள்ளியியல்காரர். ஓயாமல் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது, அவரும் திரும்பிப் பார்க்கிறார். "பக்கத்து வீட்டுக்காரி கண்ணுக்கும் ஒரு எண் குடுத்துடலாம். ஊசி போடாதவங்க மேலயும் விழுதான்னு பாக்கணும்ல?" என்றார். சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு வந்துதான் நினைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அறையில் சிரிப்பில்லை இன்று. சராசரி ஒரு தாளை மேஜையில் விரித்தார். ஊசி போட்ட அன்றைக்கே 'தற்காலிகப் பார்வை இழப்பு' என்று அறுபத்தொரு பேர். மற்ற நாட்களில் ஒன்று, ரெண்டு. முதல் நாளில் மட்டும் ஒரு பனைமரம் போல நிற்கிறது கோடு.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மா (இவர் நிஜ டாக்டர், அறுபது வயது, குரல் உயராது) கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "இது நிஜம்னா நாளைக்கே மேலிடத்துக்குச் சொல்லணும். பொய்னா நம்ம வாயால பயம் கிளப்பின மாதிரி ஆயிடும். ஒவ்வொருத்தரையா நேரா கேளுங்க," என்றார்.

அறுபத்தொரு பேருக்கும் படிவத்தில் 7 போட்டு அனுப்பியது ஊசி போட்ட இடத்துக் குமாஸ்தாக்கள். நாங்கள் இன்னும் பேசவில்லை.

எனக்குள் ஒரு அற்பமான சந்தோஷம் வந்தது. எழுதித்தான் ஆக வேண்டும். ஊசி கண்ணைக் கெடுக்கும் என்று தெரிந்துவிட்டால் தப்பு ஊசியுடையது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன தப்பு மட்டும் என்னுடையது. அதோடு நான் வாழ்ந்துவிடுவேன். மற்றதோடுதான் முடியவில்லை.

மார்ச் 19, புதன்

முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். பின்னால் ஹாரன் சத்தம், ஏதோ சந்தையில் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.

"அன்னிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்கண்ணே."

"ஊசி போட்டாங்க. எழுந்தேன். கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டேன். தண்ணி குடுத்தாங்க, காத்தாட விட்டாங்க, சரியாப்போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஊசிக்குப் பயந்தவன்னு கிளீனர் இன்னிக்கு வரைக்கும் ஓட்டறான்."

கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு.

அடுத்தவர் பள்ளிக்கூட ஆசிரியை. கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அடுத்தவர் தையல்காரர். அதே வார்த்தை. ஏழாவது ஆளுக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மயக்கம்! ஊசியைக் கண்டு வருகிற வெறும் மயக்கம். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குமாஸ்தா 'கண்', 'இருட்டு' என்ற ரெண்டு வார்த்தையைக் கேட்டான், 'பார்வை இழப்பு' என்ற கட்டத்தைப் பார்த்தான், 7 போட்டுவிட்டான். நம் வார்த்தை நம்மையே கவிழ்த்துவிட்டது.

சராசரி துள்ளிக் குதித்தார். "அடடே, பனைமரம் சாஞ்சுதே!" எனக்குக் கைகொட்ட வரவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் என் மூஞ்சி எனக்கே சகிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இந்த நோட்டில் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? சரி, எழுது.

ஊசி போட்ட பதினோராம் நாள். ஆறு பத்து. போன் அடித்தது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டேன்.

"டாக்டரம்மா, இன்னிக்கு வகுப்பு நடுவுல கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு நிமிஷம். இப்ப சரியாயிடுச்சு."

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"லேட்டாயிடுச்சு. மூணு மணிக்குத்தான்."

"அப்ப மயக்கம்தான். சர்க்கரையைக் கரைச்சுக் குடி. போய்ப் படு."

"சரிங்க டாக்டரம்மா."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. குழாயைக்கூட நான் மூடல.

மறுநாள் காலை முகம் கழுவும்போது வலது கண்ணில் சோப்புப் பட்டு அதை மூடியிருக்கிறான். ஒன்றுமே தெரியவில்லை. விளக்கை அணைத்த மாதிரி இருந்ததாம். அப்போதுதான் இடது கண் போனதே தெரிந்திருக்கிறது.

முந்தின நாள் இருட்டினதும் இடது கண் மட்டும்தான். அவனுக்கு அது மயக்கம் இல்ல. அவன் கண்ணைப் பத்தித்தான் சொன்னான். நான்தான் கேக்கல. ஒரு நாளைக்கு அறுபது பேர்கிட்ட "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க"ன்னு சொன்ன வாய் இது. இருபத்திரண்டு வருஷம் சொன்ன வாய். என் அண்ணன்கிட்ட மட்டும் அதைக் கேக்கல. "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?" மூச்சுவிடற நேரத்துல கேட்டிருக்கலாமே! கேட்டிருந்தா, "இடது மட்டும்"னு சொல்லியிருப்பான். அன்னிக்கே கூட்டிக்கிட்டு ஓடியிருப்பேன்.

குமாஸ்தா மயக்கத்தைக் குருட்டுத்தனம் என்று எழுதினான். நான் குருட்டுத்தனத்தை மயக்கம் என்றேன். அவனை நேற்று எல்லோரும் திட்டினோம்.

தலைமாட்டில் நின்று கணக்குச் சொன்னது எதற்கு என்று எனக்குத் தெரியும். பேச்சு ஊசியைப் பற்றியே இருந்தால் போன் பேச்சுக்கு வராது. அதற்குத்தான்.

மார்ச் 24, திங்கள்

டாக்டரம்மாவிடம் சொன்னேன்: "ஒரு கேள்வி சேத்துக்கலாம்மா. கண்ணை இருட்டிச்சுன்னு யார் சொன்னாலும், ஒரு கண்ணா, ரெண்டு கண்ணான்னு கேக்கணும். ரெண்டுமா இருட்டி, உக்காந்ததும் சரியானா மயக்கம். ஒண்ணு மட்டும்னா கண்ணு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாள் இது எனக்குத் தோணலையே. எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

"பழைய வேலைம்மா," என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

அறுபத்தொன்றில் ஐம்பத்திரண்டு பேருக்கு ரெண்டு கண்ணும், மயக்கம். மூன்று பேர் எடுக்கவே இல்லை. ஆறு பேருக்கு ஒரு கண் மட்டும்.

"ஆறுதானா? அப்ப நிம்மதி," என்று அறையில் யாரோ சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அந்த ஆறு பேர்கிட்ட போய் 'ஆறுதானே'ன்னு சொல்லிப் பாருங்க," என்று கத்திவிட்டேன். எல்லோரும் தங்கள் தாளில் குனிந்துகொண்டார்கள். சராசரி மட்டும் மெதுவாக, "அவங்க சொல்றது சரிதான். அந்த ஆறையும் நாளைக்கே டாக்டர் பாக்கட்டும்," என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து, மூடி, வீட்டுக்கே எடுத்து வந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஆறு பேரையும் கண் டாக்டர் பார்த்துவிட்டார். நாலு பேருக்கு ஒற்றைத் தலைவலி, பழசு. ஒருவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, நேரத்துக்குப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் வரவே மாட்டேன் என்கிறார்.

அந்தக் கழுத்து அடைப்புக்காரருக்கு ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

இன்றைக்கு என் மேஜைக்கு நிரந்தரப் பார்வை இழப்புத் தாள்கள். பேர் இருக்காது, எண், வயது, தொழில், எழுதிய வாக்குமூலம் மட்டும். மூன்றாவது தாள்:

'வயது 58. ஓட்டுநர் பயிற்சியாளர். இடது கண். ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள்.'

அவன் கையெழுத்து. 'ண' போடும்போது கடைசிச் சுழியை விட்டுவிடுவான், பள்ளிக்கூடத்திலேயே அடி வாங்கியிருக்கிறான்.

நான் படித்திருக்கக் கூடாது. சேரும்போது கொடுத்த படிவத்தில் 'உங்கள் குடும்பத்தில் யாராவது இந்த ஆய்வில் உட்பட்டவரா?' என்று கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று கோடு போட்டிருந்தேன். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நான் கடைசி வரி வரை படித்தேன்.

'முந்தைய நாள் மாலை கண் இருட்டியது. தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். மயக்கம் என்றார். படுத்துக்கொண்டேன்.'

தெரிந்தவர் ஒருவர்.

ஏப்ரல் 10, வியாழன்

அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தெரிந்தவர். தங்கச்சி இல்ல. சொந்தக்காரர்கூட இல்ல. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரும் தெரிந்தவர்தான்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க எழுதினானா? இல்லை, அறுத்துப் போட்டுவிட்டு எழுதினானா? ஒரே வார்த்தை, ரெண்டு பக்கமும் வெட்டுகிறது. எந்தப் பக்கம் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். அவனிடம் கேட்க எனக்கு வாய் ஏது?

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆறு நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை டாக்டரம்மா அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இந்தத் தாள் எங்க அண்ணனோடது. சேரும்போது மறைச்சுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "இதை முதல் நாளே சொல்லியிருக்கணும். நீங்க எழுதின நூத்தி நாப்பது தாளையும் இன்னொருத்தர் மறுபடி கேக்கணும். அது முடியற வரைக்கும் நீங்க வர வேண்டாம்," என்றார். அப்புறம் தாளைப் படித்தார். "இதுல 'தெரிந்தவர் ஒருவர்'னு இருக்கே. அது யாருன்னு நாம கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிக்க வேண்டாம்மா. நான்தான்."

அவர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "அன்னிக்கே வந்திருந்தா அந்தக் கண்ணு நின்னிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. நின்னிருக்கும்னும் சொல்ல மாட்டேன். நின்னிருக்காதுன்னு உங்களை ஆறுதல் படுத்தவும் மாட்டேன்." பிறகு, "ஆனா இதை நீங்க சொல்ல வேண்டிய இடம் இந்த அறை இல்லையே," என்றார்.

ஏப்ரல் 18, வெள்ளி

வீடு. குழாய் சொட்டுகிறது. ஆள் கூப்பிட வேண்டும். யாரையும் கூப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை என்பது இன்று கடையில் ரொட்டி கேட்டபோதுதான் தெரிந்தது. குரல் எழும்பவில்லை. கடைக்காரர், "ஜலதோஷமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சராசரி வீட்டுக்கே போன் பண்ணினார். என் தாள்களை மறுபடி கேட்டு முடித்துவிட்டார்களாம். ரெண்டே இடத்தில்தான் எண் மாறியதாம். திங்கட்கிழமை முதல் வரலாம். ஆனால் நிரந்தரப் பார்வை இழப்புத் தாள்கள் என் கைக்கு வராது. நியாயம்தான்.

முடிவு என்ன என்று கேட்டேன். ஊசிக்குப் பிந்தின ஆறு வாரத்தையும், அதே ஆட்களின் வேறு ஆறு வாரத்தையும் வைத்துப் பார்த்தாயிற்று. மயக்கம் நிஜம். கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் அரிப்பு. ரத்தக்குழாய் அடைப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

"அப்ப, ஊசியால இல்லன்னு சொல்லலாமா?"

"அவசரப்படாதீங்க. 'இல்ல'ங்கறது வேற, 'தெரியல'ங்கறது வேற. அடைப்பு வந்தவங்க மொத்தமே பதினேழு பேர். இவ்வளவு கொஞ்சத்துல சின்ன வித்தியாசம் இருந்தாலும் நம்ம கண்ணுக்குப் படாது. ஒருத்தருக்கு ஏன் வந்துச்சுன்னு கேட்டா என் கணக்கு கையை விரிச்சிடும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இல்லாம மத்தியானம் சாப்பாட்டு மேஜை சப்புன்னு இருக்கு. திட்டறதுக்காவது வாங்க," என்றார்.

நான் தலைமாட்டில் நின்று 'இல்ல' என்று சொன்னேன். அது பொய்யில்லைதான். ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். போனில் சொன்னதும் அதேதான். ரெண்டு தடவையும் ஒரே வியாதி எனக்கு.

மே 4, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

ஒன்றரை மணி நேர பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து, "வாம்மா" என்று சொல்வதற்குள் அவர் கண் நிறைந்துவிட்டது. "மெலிஞ்சு போயிட்டியே," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடவே எனக்கு மனசில்லை.

அண்ணன் உள்ளே மேஜையில் இருந்தான். யார் வந்தது என்று பார்க்க முழுத் தலையையும் இடது பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினான். கெட்டிலை எடுத்து, அதன் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் ஒட்டவைத்து, டீ ஊற்றினான். அப்படி ஒட்டவைக்காவிட்டால் வெளியே போகுமாம், தூரம் தெரியாது. ரெண்டு வருஷத்தில் இதைக்கூட நான் பார்த்ததில்லை.

மனப்பாடம் எல்லாம் பறந்துபோச்சு.

"அண்ணா, அன்னிக்குப் போன்ல நான் கேட்டிருக்கணும். ஒரு கண்ணா, ரெண்டு கண்ணான்னு. கேக்கல. பாத்திரம் துலக்கிக்கிட்டு இருந்தேன். மயக்கம்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதை மறைக்கத்தான் ஆஸ்பத்திரியில கணக்குச் சொன்னேன். ஊசியால இல்லன்னு சொன்னேனே, அதுவும் எனக்குத் தெரியாதுண்ணா. யாருக்கும் தெரியல. என்னை மன்னிச்சுடு."

கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"இப்பதான் சொல்றியா?"

"ஆமா."

"ரெண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்டி. மயக்கம்னு சொன்னதுல ஒண்ணுமில்ல. எவனும் அதைத்தான் சொல்லுவான். நானே மயக்கம்னுதான் நினைச்சேன். ஆனா ஆஸ்பத்திரியில கண்ணு போய்க் கிடக்கறேன், லட்சத்துல எத்தனை பேருன்னு சொல்றே. எனக்குத் தங்கச்சி வேணும்னு இருந்துச்சு. வந்தது ஆபீஸ் ஆளு."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது? கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "தெரிந்தவர்னு எழுதியிருந்தியே."

"பாத்துட்டியா அதை?" தலையைத் திருப்பி என்னைச் சரியாகப் பார்த்தான். "தங்கச்சின்னு எழுதினா உன்னைக் கூப்பிட்டு வச்சுக் கேப்பாங்க. இருபத்திரண்டு வருஷம் கண்ணு பாத்தவ இப்படியா சொன்னான்னு. உன் பொழைப்புல மண்ணு விழும். அதான்." பிறகு தரையைப் பார்த்து, "எழுதும்போது எனக்கே என்னவோ போலத்தான் இருந்துச்சு," என்றான்.

நான் அழுதேன். அவன் அழவில்லை. தேற்றவும் இல்லை. எழுந்து, "அஞ்சு மணிக்கு பஸ்ஸு. விட்டா ஏழுக்குத்தான். கிளம்பு," என்று உள்ளே போய்விட்டான். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லல. அண்ணி பஸ் நிறுத்தம் வரை வந்தார். "கொஞ்ச நாள் விடும்மா," என்றார்.

மே 5, திங்கள்

வேலைக்குப் போனேன். என் நாற்காலிக்கு யாரோ ஒரு கையைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். நிறம் வேறு. சராசரி ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மே 6, செவ்வாய்

ஆறு பத்து. இல்லை.

மே 13, செவ்வாய்

இல்லை. நான் கூப்பிடலாம்தான். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி அவன் வாய்தான் திறக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது பழமொழி சொன்னால் அறைவேன்.

மே 17, சனி

குழாய் ரிப்பேர்காரர் வந்தார். "தனியாவா இருக்கீங்க?" என்றார். "ஆமா" என்றேன். வாஷரை மாற்றிவிட்டுப் போனார். சொட்டுச் சத்தமும் நின்றுபோனதில் வீடு இன்னும் வெறிச்சோடிக் கிடக்கிறது.

மே 23, வெள்ளி

ஆறு பத்துக்கு இல்லை. காலை பதினொன்று இருபதுக்கு. அறையில், ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்த நேரம். என் போன். அண்ணன் பேர்.

"ஏய், கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

வணக்கம் இல்லை, எப்படி இருக்கே இல்லை. யோசிக்கவே இல்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது: "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"அடிப்பாவி. எனக்கு இருக்கறதே ஒண்ணுதானேடி."

சிரித்தானா, பயந்தானா? ரெண்டும்தான். "அண்ணி எங்கே?" வேலைக்குப் போய்விட்டார். "பக்கத்து வீட்டுக்காரர் கார் இருக்கா? அவரைக் கூப்பிடு. கண் ஆஸ்பத்திரிக்கு நேரா வா. நீ ஓட்டாதே. சர்க்கரை, தண்ணி ஒண்ணும் வேண்டாம், படுக்காதே, கிளம்பு. நான் வந்துட்டே இருக்கேன்." சராசரி அதற்குள் டாக்சிக்குச் சொல்லிவிட்டு என் பையை எடுத்து நீட்டினார். வழியெல்லாம் அந்த ஒரு கண், அந்த ஒரு கண் என்றே அடித்துக்கொண்டது எனக்கு.

அவனுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன். அங்கே இன்னும் பழைய ஆட்கள்தான். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். "காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அழுத்த மாத்திரை?"

"அதைப் போட்டுட்டேன்."

"கண்ணுல ஒரு குறையும் இல்ல. வெறும் வயித்துல மாத்திரை, சட்டுனு எழுந்திருச்சிருக்கீங்க. வெறும் மயக்கம்தான். சர்க்கரை போட்டு ஏதாவது குடிச்சுட்டுச் சாயங்காலம் வரைக்கும் படுத்திருங்க, எதுக்கும் பாத்துட்டு அனுப்பறேன்."

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். "இதைத்தான் எங்க டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்க," என்றான்.

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேரால் கூப்பிடுகிறான். அதிலும் எப்படிப்பட்ட குத்து! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கால் ஒழுகியது. நர்ஸ் பஞ்சை நீட்டினாள். அவள் கையில் ஒரு படிவம். 'கூட இருப்பவர்' என்று போட்டு என் பேரை எழுதிக்கொண்டு, "உறவு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "குடும்மா அதை," என்று அண்ணன் பேனாவை வாங்கினான். இடது கையால் கட்டத்தைத் தடவி, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு எழுதினான். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. தங்கை.

அண்ணி வந்து சேர ஏழு மணி ஆகும் என்றார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆறு பத்துக்குப் போன் அடிக்கவில்லை. குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.